தாழ்ந்திருக்கவும் தெரிய வேண்டும்: பெங்களூரு தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் உள்ள தமிழ்ச் சபைகளின் ஆயர்களுக்கும், பாஸ்டரேட் கமிட்டியாருக்கும், ஜெபக்குழு நடத்துகிறவர்களுக்கும்,

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 52. லிங்கராஜபுரத்தில் குடியிருக்கிறேன். ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பிறந்து வளர்ந்தது கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மூன்று வருடம் பொருளாளராக இருந்திருக்கிறேன், அசனத்துக்கு (சபை விருந்துக்கு) மூட்டைக் கணக்கில் வெங்காயம் உரித்திருக்கிறேன். உங்களுக்கு மடல் எழுத எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான். எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற சபைக்காரர்கள் "ஓ, அங்கேயா" என்று நிம்மதியாகிவிடுவார்கள்.

2022 டிசம்பர் 31 இரவு ஆராதனையிலிருந்து ஆரம்பிக்கிறேன். வழக்கம் போல நள்ளிரவு மணி அடித்ததும் ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, வரிசையாகப் போய் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். என் வீட்டுக்காரர் கையில் வந்த வசனம்: "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்." அவர் அலுவலகத்தில் அப்போது பதவி உயர்வுப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு அண்ணன் எட்டிப் பார்த்து, "பிரதர், கன்ஃபார்ம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் காந்தம் வைத்து ஃபிரிட்ஜில் ஒட்டினோம்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வீடியோ காலில் கூப்பிட்டார்கள். பதினைந்து நிமிடம் கூட ஆகவில்லை. 19 வருட வேலை முடிந்துவிட்டது. மத்தியானத்துக்குமேல் லேப்டாப் திறக்கவில்லை. டீ போடப் பால் எடுக்கப் போனவர் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். "வாலும் இல்ல, தலையும் இல்ல, ஆளையே எடுத்துட்டாங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ராத்திரி இரண்டு பேரும் தூங்கவில்லை.

வசனத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது உபாகமம் 28-இல் இருக்கிறது. அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் 14 வசனம்தான். அதற்குப் பிறகு 54 வசனம் சாபம். அட்டை அடிக்கிறவர்கள் 14-ஆம் வசனத்தோடு நின்றுகொள்கிறார்கள். நியாயம்தான், புது வருடப் பிறப்பன்று ஒருவர் கையில் கொள்ளைநோய் வசனத்தைக் கொடுத்து அனுப்ப முடியாது. ஆனால் ஒரு வருடம் பூராவும் ஃபிரிட்ஜில் இருக்கப்போகிற ஒரு வரியை வைத்துத்தான் எங்களைப் போன்ற சாதாரண விசுவாசிகள் தேவனை அளந்துகொள்கிறோம் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். பதவி உயர்வு வந்தால் அவர் உண்மையுள்ளவர். வேலை போனால்? அந்தக் கேள்விக்கு எங்களிடம் அட்டை இல்லை.

அந்த வேலை போனதற்குப் பிறகு நாங்கள் செய்த முதல் காரியத்தை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது மணி ஆராதனைக்குப் போவதை நிறுத்தினோம். ஏழு மணி ஆராதனைக்கு மாறினோம். "வெயிலுக்கு முன்னாடி போயிட்டு வந்துரலாம்" என்று பிள்ளைகளிடம் சொன்னோம். பெங்களூரில் என்ன வெயில். ஒன்பது மணிக்குப் போனால் ஆராதனை முடிந்து வெளியில் காபி குடிக்கிற இடத்தில் நாலு பேர் கேட்பார்கள்: "எப்படிப் போகுது பிரதர் ஆபீஸெல்லாம்?" அதற்கு ஒரு பதில் வேண்டும். ஏழு மணிக்குக் காபி கிடையாது.

ஜூனில் எங்கள் கல்யாண நாள். ஒவ்வொரு வருடமும் ஸ்தோத்திர காணிக்கைக் கவரில் பெயர் எழுதிக் கொடுப்போம், ஆயர் வாசிப்பார், சபையார் கைதட்டுவார்கள். அந்த வருடம் கொடுக்கவில்லை. பணம் இல்லாமல் இல்லை, 500 ரூபாய் வைத்திருக்கலாம். போன வருடம் வைத்தது எவ்வளவு என்று கவர் எண்ணுகிறவருக்குத் தெரியுமே என்று கூச்சம். கமிட்டியில் ஒருவர் அடுத்த வாரம் விசாரித்தார்: "மறந்துட்டீங்களா சிஸ்டர், பேர் வரலையே?" மறந்துவிட்டோம் என்று சொன்னேன். கல்யாண நாளை மறந்தேன் என்று ஆலயத்துக்குள்ளேயே பொய் சொன்னேன்.

பிறகு விஷயம் எப்படியோ தெரிந்து ஒரு ஜெபக்குழுவிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். நல்லவர்கள், பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, ஜெபத்துக்கு முன்னால் தலைவர் மெல்ல என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "ஏதாவது தடை இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க பிரதர். தசமபாகம், மறைவான காரியம் ஏதாவது." அவர் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தார். 51 வயது ஆள், தன் வாழ்க்கையைப் பழைய டைரி புரட்டுவது போலப் புரட்டி, எந்தப் பாவத்துக்கு இது என்று தேடிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். யோபுவின் சிநேகிதர்களை நாம் பிரசங்கத்தில் ரொம்பத் திட்டுகிறோம். அவர்களாவது முதலில் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் ஏழு நிமிடம் ஆகியிருக்காது.

இது வரைக்கும் நான் குறை சொன்ன ஆள். இனி என்னைப் பற்றி.

ஏழு மணி ஆராதனையில் யார் வருகிறார்கள் என்று உங்களில் எத்தனை பேர் கவனித்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. நைட் டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு வருகிற நர்சுகள். பகல் ஷிஃப்டுக்குப் போகிற வாட்ச்மேன்கள், டிரைவர்கள். பத்து மணிக்கு நாலு வீட்டில் சமைக்கப் போக வேண்டிய பெண்கள். இவர்கள் ஒரு பாதி. மீதிப் பாதி எங்களைப் போன்றவர்கள், அதாவது ஒளிந்துகொள்ள வந்தவர்கள். அது எனக்குச் சில வாரம் கழித்துத்தான் புரிந்தது.

அங்கே ஒரு அக்காவைப் பார்த்தேன். காக்ஸ் டவுன் பக்கம் தையல் மிஷின் போட்டிருக்கிறவர். முன்பெல்லாம் ஒன்பது மணி ஆராதனையில் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவார். திடீரென்று காணாமல் போனார், நாங்களும் வேறு சபைக்குப் போயிருப்பார் என்று விட்டுவிட்டோம். அவர் வீட்டுக்காரருக்கு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். "இங்கேயா வர்றீங்க அக்கா, எப்ப மாறினீங்க?" என்று கேட்டேன்.

"நீ வீடு வாங்கின சாட்சி சொன்னேல்ல, அதுக்கு அடுத்த வாரம்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நம்பர் சொல்வது போலச் சொன்னார்.

2019-இல் ஹென்னூர் பக்கம் அபார்ட்மென்ட் வாங்கினோம். சாட்சி நேரத்தில், அதாவது தேவன் செய்த நன்மையைச் சபை முன்னால் சொல்கிற நேரத்தில், என்னைத்தான் பேசச் சொன்னார்கள். வங்கிக் கடன் இரண்டு தடவை தள்ளுபடியானது, உபவாசம் இருந்தது, மூன்றாவது தடவை கிடைத்தது என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் மைக் கொடுத்த தைரியத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "விசுவாசிச்சுக் கேட்டா அவர் கொடுக்காம இருக்கவே மாட்டார்." எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். அது, அந்த அக்கா தன் வீட்டுக்காரருக்காகக் கிட்னி கேட்டு, தம்பி கொடுக்கிறேன் என்று சொல்லி, பொருந்தவில்லை என்று டாக்டர் சொன்ன வாரம். வீட்டுக்குப் போய் அவர் வீட்டுக்காரர் கேட்டாராம்: "அப்போ நாம விசுவாசிக்கலையா?"

அந்த அபார்ட்மென்டை 2023 டிசம்பரில் விற்றுவிட்டோம், தவணை கட்ட முடியவில்லை. ஒரு வீட்டை வாங்கிய சாட்சிக்கு மைக் கொடுத்த சபை அதை விற்ற சாட்சிக்கும் கொடுக்குமா? அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் அப்பா இருந்திருந்தால் நான் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியிருந்திருக்காது. அவர் சாம்பியன் ரீஃப் மைன்ஸில் வேலை பார்த்தார். கே.ஜி.எஃப். தெரியாத இளைய ஆயர்களுக்காகச் சொல்கிறேன். 1880-இல் வெள்ளைக்காரக் கம்பெனி வந்து தோண்ட ஆரம்பித்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் எங்கள் தாத்தாக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம், உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்று. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மைன்ஸுக்குக் கரன்ட் கொடுத்தார்கள். பெங்களூருக்கே அப்போது கரன்ட் கிடையாது. இந்தப் பெருமையை எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லாமல் விடமாட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

கீழே போகிற இரும்புக் கூண்டைக் கேஜ் என்பார்கள். அம்மா ஒரு நாள் கேட்டார்: "கேஜ்ல இறங்கும்போது என்ன ஜெபம் பண்ணுவீங்க?" அப்பா சொன்ன பதில்: "கயிறு அறாம இருக்கணும்னுதான். வேற என்னத்த." பக்கத்தில் நிற்கிறவர் முருகா என்பாராம், இன்னொருவர் யா அல்லா என்பாராம். எல்லாருக்கும் ஒரே கயிறு.

சில சமயம் பூமிக்குள் பாறை வெடிக்கும். மேலே லைன் வீடுகளில் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் ஆடும். வெளியூர்க்காரர்கள் பூகம்பம் என்று ஓடுவார்கள். எங்கள் பெண்கள் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு ஷாஃப்ட் (சுரங்க வாய்) பக்கம் நடப்பார்கள். அங்கே எங்கள் ஐயரும் வந்து நிற்பார். (எங்கள் ஊரில் ஆயரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.) ஒரு வார்த்தை பேசமாட்டார். பிரசங்கம் கிடையாது, சத்தமான ஜெபம் கிடையாது. பெண்களோடு பெண்ணாக நின்று கேஜ் மேலே வருவதையே பார்த்துக்கொண்டிருப்பார். எந்த வீட்டு ஆள் மேலே வரவில்லையோ அந்த வீட்டுக்கு அவர்தான் கூட நடந்து போவார். எட்டு ஒன்பது வயதில் நான் பார்த்த ஊழியம் அது. பிற்பாடு எத்தனையோ கன்வென்ஷன் கூட்டங்களில் பெரிய பிரசங்கிகளைக் கேட்டிருக்கிறேன். ஒருவர் பேச்சும் அந்த நிற்பளவுக்கு மனதில் நிற்கவில்லை.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மைன்ஸை மூடினார்கள். ஊரே ஒரே நாளில் வேலை இழந்தது. தம்பி மறு மாதத்திலிருந்து மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயில் ஏறி 100 கிலோமீட்டர் பெங்களூருக்கு வந்து போக ஆரம்பித்தான், இன்றைக்கும் ஆயிரக்கணக்கான பேர் அப்படி வருகிறார்கள். கஷ்டம் சொல்லி மாளாது. ஆனால் வெட்கம் இல்லை. யாரும் யாரையும் பார்த்து "உங்களுக்கு ஏதாவது தடை இருக்கா" என்று கேட்கவில்லை, ஏனென்றால் கேட்கிறவருக்கும் வேலை இல்லை. பெங்களூரில் அப்படி இல்லை. இங்கே ஒவ்வொருவராக விழுகிறோம். ஒரே மாடியில் எதிர் வீட்டுக்காரருக்கும் அதே மாதம் வேலை போயிருக்கும், இரண்டு பேரும் காலையில் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு லிஃப்டில் குட் மார்னிங் சொல்லிக்கொள்வோம். ஊர் விழும்போது வராத வெட்கம், தனி ஆள் விழும்போது வருகிறது. அந்த வெட்கத்தைத் தாங்கத்தான் தைரியம் தேவைப்படுகிறது, பசியைத் தாங்க அவ்வளவு இல்லை. அந்தத் தைரியத்தைச் சபையில் கற்றுக்கொடுக்கிறோமா?

அப்பாவுக்கு நுரையீரல் முழுக்கப் பாறைத் தூள். கடைசி வருடங்களில் ஆலயத்தில் கடைசி பெஞ்சில் வாசலோரமாக உட்காருவார், இருமல் வந்தால் எழுந்து வெளியே போக வசதியாக. ஒரு தடவை கூடச் சாட்சி சொன்னதில்லை.

சரி, வேதத்துக்கு வருகிறேன். எனக்கு இறையியல் படிப்பு கிடையாது. மில்லர்ஸ் ரோட்டில் 1910-லிருந்து நடக்கிற ஐக்கிய இறையியல் கல்லூரியில் படித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள், தவறு இருந்தால் திருத்துங்கள்.

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் 4:13. இது இல்லாத காலண்டர் கிடையாது, பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பென்சில் பாக்ஸில் கூட ஸ்டிக்கராக இருக்கும். வேலை போன பிறகு ஒரு நாள் இதைப் படித்தபோது முன்னால் இருக்கிற வசனத்தையும் சேர்த்துப் படித்தேன்: "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." எதைச் செய்யப் பெலன் என்று பவுல் சொல்கிறார் என்பது அங்கேதான் இருக்கிறது. திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் "போதிக்கப்பட்டேன்" என்கிறார். பிறவியில் வந்ததாகச் சொல்லவில்லை, யாரோ உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது போலச் சொல்கிறார். அதையும் காவலில் கட்டுண்டு கிடந்தபடி எழுதுகிறார். அப்புறம் 14-ஆம் வசனத்தில், என் உபத்திரவத்தில் நீங்கள் என்னோடு சேர்ந்து நின்றது நல்லது என்று பிலிப்பி சபையாரைப் பாராட்டுகிறார். அவர்கள் எப்பாப்பிரோதீத்து என்கிற ஆளைப் பொருளோடு அனுப்பியிருந்தார்கள். ஆக இந்தப் பக்கம் கற்றுக்கொண்ட தாழ்வு, அந்தப் பக்கம் ஒரு சபை அனுப்பிய சாமான், நடுவில்தான் அந்தப் பெலன் இருக்கிறது. நாம் இரண்டு பக்கமும் கத்தரித்துவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் ஸ்டிக்கர் அடித்தோம்.

எரேமியா 29:11-க்கும் இதே கதிதான். "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று அட்டையில் பார்த்தால் அடுத்த மாதமே நல்ல சேதி வரும் போல இருக்கிறது. எரேமியா அதைப் பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு ஒரு மடலாக எழுதினார், முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று கணக்கும் கொடுத்துவிட்டார். அந்த மடலைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண்ணை மூடியிருப்பார்கள். அவர்களுக்குச் சொன்ன வேலை வேறு: வீட்டைக் கட்டு, தோட்டத்தைப் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணு, சிறைப்பட்டு வந்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு. பிழைக்க வந்த ஊரில் தமிழ் ஆராதனை நடத்துகிற நமக்கு அந்த ஏழாம் வசனத்தை அட்டையில் போட ஏன் தோன்றவில்லை?

இன்னும் ஒன்றே ஒன்று. எபிரெயர் 11. சிங்கத்தின் வாயை அடைத்தவர்கள், அக்கினியின் உக்கிரத்தை அவித்தவர்கள் என்று வரிசையாக வெற்றி. 35-ஆம் வசனத்தின் நடுவில் "வேறுசிலர்" என்று ஒரு வார்த்தை வருகிறது. அந்த வேறுசிலர் கல்லெறியப்பட்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள். விசுவாசம் குறைந்ததால் என்று ஒரு எழுத்து இல்லை. முடிவில் அவர்கள் எல்லாரையும் சேர்த்தே சொல்கிறது: "விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்." சாட்சி, வாக்குத்தத்தம், நாம் ஓயாமல் உபயோகிக்கிற இரண்டு வார்த்தையும் அதே வரியில் இருக்கின்றன. வாக்குத்தத்தம் கையில் வராமலே சாட்சி கிடைத்திருக்கிறது. அந்த வசனத்தை இரவு பதினொரு மணிக்குச் சமையலறையில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் ஃபிரிட்ஜிலிருந்து அட்டையை எடுத்து வேதத்துக்குள் அந்தப் பக்கத்தில் வைத்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

நல்ல காலத்துக்குத் தைரியம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்பாவுக்குப் போனஸ் வருகிற அன்றைக்கு நேராக வீட்டுக்கு வரமாட்டார். முதலில் மளிகைக் கடையில் கடனை அடைப்பார். அப்புறம் அந்த வருடம் கீழே போய் மேலே வராதவர் வீடு எதுவோ அங்கே போய்விட்டுத்தான் வருவார். அம்மாவுக்கு அதில் ஒவ்வொரு வருடமும் சண்டை, எங்களுக்குப் புதுத்துணி ஒன்று குறையும். நாங்கள் பெங்களூரில் நல்லாயிருந்த பதினைந்து வருடத்தில் யார் வீட்டுக்குப் போனோம்? தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தோம், காணிக்கைப் பட்டியலில் பெயர் மேலே வந்தது, ஒலிபெருக்கி வாங்கியதில் எங்கள் பங்கு இருக்கிறது. தையல்கார அக்கா இரண்டு வரிசை முன்னால் இருந்தார். புசித்துத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டிக் குடியிருக்கும்போது மறந்துவிடாதே என்று உபாகமம் 8 எச்சரிக்கிறது. அந்த அதிகாரத்தை வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு விரல் போதும்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்த ஊரில் ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வாலிபர் சங்கத்தில் நாலைந்து பையன்கள் கவச உடை போட்டுக்கொண்டு கல்பள்ளிக்கும் ஓசூர் ரோடு கல்லறைக்கும் பெட்டி தூக்கினார்கள். சொந்தக்காரர்களே கிட்டே வராத நேரம். அதில் ஒரு பையன் அப்போது வேலை இல்லாமல் இருந்தவன். இரண்டு வருடம் கழித்து அதே பையன் வேலை கிடைத்ததற்குச் சாட்சி சொன்னான், கைதட்டினோம். பெட்டி தூக்கியதைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

செப்டம்பரில் சிவாஜிநகர் மரியன்னை ஆலயப் பக்கம் போனால் பார்க்கலாம். காவிச் சேலை கட்டிக்கொண்டு, எந்த மதம் என்று தெரியாதபடி ஜனம் வரிசையில் நிற்கும். நம் ஆட்கள் அந்த வழிபாட்டில் ஆயிரம் குறை சொல்வோம், அது வேறு பேச்சு. கஷ்டத்தைத் தெருவில் எடுத்து வந்து எல்லார் முன்னாலும் நிற்க அவர்களுக்குக் கூச்சம் இல்லை. நாம் ஜெபக் குறிப்புச் சீட்டை நாலாக மடித்துப் பெயர் எழுதாமல் பெட்டியில் போடுகிறோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சாட்சி நேரத்தில் முடிவு தெரியாத காரியத்தோடு நிற்கிற ஒருவரையும் பேசவிடுங்கள். "இன்னும் கிடைக்கலை, பயமா இருக்கு, ஆனா வந்திருக்கேன்" என்பதோடு அவர் உட்காரட்டும், யாரும் மைக்கை வாங்கி அதற்கு ஒரு நல்ல முடிவு ஒட்ட வேண்டாம். சாட்சி தேவனை மகிமைப்படுத்த, புலம்புவதற்கு இல்லை என்று ஒரு கமிட்டி ஐயா என்னிடம் சொன்னார். புலம்பல் என்று பெயர் வைத்தே நம் வேதத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது ஐயா, ஐந்து அதிகாரம். காணிக்கைக் கவரில் தொகை வாசிக்கிற வழக்கம் எங்கே இருந்தாலும் அதை நிறுத்துங்கள், பெயர் மட்டும் போதும், காசில்லாத கவருக்கும் பெயர் வாசியுங்கள். வேலை போனவர் வீட்டுக்குப் போகிறவர்கள் தடை என்ன என்று கேட்பதற்குப் பதில் ரெசியூம் கேளுங்கள். என் வீட்டுக்காரருக்கு இப்போதைய வேலை (ஒரு அபார்ட்மென்டில் எஸ்டேட் மேனேஜர், பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு) ஏழு மணி ஆராதனைக்கு வருகிற ஒரு வாட்ச்மேன் தம்பி சொல்லித்தான் கிடைத்தது. எங்கள் அம்மா காலத்தில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனியாக எடுத்துவைத்து மாதாமாதம் ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் பிடியரிசி யார் வீட்டுக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது, ஐயர் அம்மாவுக்கு (ஐயரின் மனைவிக்கு) மட்டும் தெரியும். அதைத் திரும்ப ஆரம்பிக்க ஒரு தகர டப்பா போதும்.

வாக்குத்தத்த அட்டையை நிறுத்தச் சொல்லமாட்டேன், எனக்கும் பிடிக்கும். அச்சடிக்கக் கொடுக்கும்போது நூற்றுக்குப் பத்து அட்டையில் தாழ்ந்திருக்கவும் தெரியும் என்பதையும், அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று ஆபகூக் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கையில் வந்தால் முகம் வாடத்தான் செய்யும். வாடட்டும். பின்வரிசை அண்ணன் என்ன சொல்வார் என்று பார்க்கலாம்.

தையல்கார அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ விட்டுட்டேன், நீ ஜாக்கெட் தைக்கக் கொடு" என்றார். கொடுத்தேன். போன மாதத்திலிருந்து நாங்கள் மூன்று பேரும், அவர் வீட்டுக்காரருக்கு முடிகிற வாரம் நாலு பேரும், ஒன்பது மணி ஆராதனைக்குத் திரும்பிவிட்டோம். இரண்டு வரிசை முன்னால்தான் உட்காருகிறோம், ஒரே பெஞ்சில்.

வருகிற மாதம் முதல் ஞாயிறு சாட்சி நேரத்துக்கு எங்கள் சபைச் செயலாளரிடம் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். எதைப் பற்றி என்று கேட்டார். வீடு விஷயம் என்று சொன்னேன். "மறுபடி வாங்கிட்டீங்களா சிஸ்டர், ஸ்தோத்திரம்" என்றார். இல்லை ஐயா, விற்ற வீடு. ஐந்து நிமிடம் போதும்.

கிறிஸ்துவுக்குள்,
லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு சபை அங்கத்தினர்